காலண்டரில் நிற்கும் பிள்ளை

ஐயா,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போட்டோக்காரர் அனுப்பிய நோட்டீஸ் வழக்காக முற்றினால் நான் கோர்ட்டுக்கு வருவேன். ஆனால் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லமாட்டேன். ஜவுளிக்கடைக் காலண்டருக்கு நீ வரைந்த படத்தில் இருக்கும் பிள்ளை என் பேத்தி மீனாதான், அவளை நிறுத்திவைத்து என் மகன் வரைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன் என்று சாட்சி சொல்லும்படி எழுதியிருக்கிறாய். பட்டணத்து வக்கீல் சொல்லிக்கொடுத்த யோசனையாக இருக்கலாம், கையெழுத்து உன்னுடையது. இதைப் படித்துவிட்டு, "அம்மாவுக்குக் கோர்ட்டு என்றால் பயம்" என்று மருமகளிடம் சொல்லாதே. பயமெல்லாம் ஒன்றும் இல்லை. ஏன் சொல்லமாட்டேன் என்பதை விவரமாகச் சொல்லத்தான், யுத்தம் வந்த பிறகு கண்ணிலேயே படாத காகிதத்தை நாலு கடை ஏறி வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

காலண்டர் நம் வண்டியூருக்கு வந்த அன்று நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை, ஆள் உயரக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தைத்துப்போட்ட பூச்சடை முழுசாகக் கண்ணாடிக்குள் தெரிகிறது. கண்ணாடி மூலையில் ஒரு குத்துவிளக்கு எரிகிறது. கீழே ஓரத்தில் உன் பெயர். அடுத்த வீட்டு ராக்கம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, அச்சு அசலா உங்க பேத்தியால்ல இருக்கு!" என்றாள். "இருக்காதா பின்னே? அப்பன் கை, மக மூஞ்சி" என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? தெப்பக்குளத்தைச் சுற்றி எனக்குத் தெரிந்த வீடு ஒன்று பாக்கி இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது மீனா இல்லை என்று எனக்குத் தெரியும். மீனாவின் மூக்கு அவள் தாத்தாவின் மூக்கு. காலண்டர் பிள்ளையின் மூக்கு வேறு. ஆனால் பேத்தி என்று வந்துவிட்டால் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, என்ன செய்வது.

போன தை மாதம் தெப்பத்துக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். கூட்டத்தில் நெரிபட்டுக் கீழவாசல் பக்கம் நடந்து போனோம். போட்டோக்காரர் வேலுச்சாமி கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாய். "இந்தப் பிள்ளையப் பாரும்மா" என்றாய். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், "அண்ணே, வாசல்ல இருக்கிற பூச்சடைப் படத்துல ஒரு காப்பி கிடைக்குமா? எம் பொண்டாட்டி இதே மாதிரி சடை தைக்கணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா" என்றாய். அந்த மனுசர், "சடை பாக்கத்தான மாப்ள? எடுத்துக்க. காசெல்லாம் வேணாம். தங்கச்சி நல்லாப் பாத்துத் தைக்கட்டும்" என்று உறையில் போட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். மருமகளுக்கு நாலு முழம் மல்லிகையைத் தொடுக்கவே பொறுமை கிடையாது. அவளாவது சடை தைப்பதாவது! ஆனாலும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆகையால் ஐயா, நீ வரைந்தபோது நான் பக்கத்தில் இல்லை. நீ அந்தப் படத்தை வாங்கியபோதுதான் பக்கத்தில் இருந்தேன். நான் சொல்லக்கூடிய சாட்சி அது ஒன்றுதான்.

உன் கடிதம் வந்த மறுநாளே காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வேலுச்சாமி கடைக்குப் போனேன். "வாங்கக்கா. மகனுக்குப் பதிலா நீங்க வந்திருக்கீகளாக்கும்?" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை, முகத்தில் சிரிப்பு இல்லை. காலண்டரை விரித்து, அதன் பக்கத்தில் தன் போட்டோவை வைத்தார். "விளக்கப் பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். அடியில் மூன்று காலோடு நின்றது. "இப்ப எம் படத்துல அதே மூலையப் பாருங்க." அங்கே விளக்கு இல்லை. கண்ணாடிக்குள் மூன்று கால்கள் தெரிந்தன, மேலே கறுப்புத்துணி தொங்கியது. "எங் கேமராக்கா அது. அன்னைக்குக் கண்ணாடிய எம்புட்டுத் திருப்பி வச்சும் மறைக்க முடியல, விட்டுட்டேன். அதுக்கு உங்க மகன் தண்டு வச்சு, எண்ணெய ஊத்தி, திரியப் போட்டு, குத்துவிளக்காக்கிட்டான். விளக்குக்கு எந்த ஊர்லக்கா மூணு காலு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரித்ததற்காகவே கோபம் வந்தவர் மாதிரி எழுந்துகொண்டார்.

"போட்டோவப் பாத்து வரையிறதத் தப்புங்கல. செத்தவுக படம் வரையணும்னா வேற எப்படி வரைவாக? எங்கிட்ட வந்து, அண்ணே, காலண்டருக்கு வேணும்னு கேட்டிருந்தா இதவிட நல்ல காப்பியாப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஓரத்துல அவன் பேரு இருக்கு. எம் பேரு எங்க இருக்கு? அந்தப் பிள்ளைய அழுகாம நிப்பாட்டி, தலையத் திருப்பி, சடை தெரியுற மாதிரி கண்ணாடிய வச்சது யாரு? சடை பாக்கணும்னு பொய் சொல்லி எடுத்துட்டுப் போயிருக்கான்."

"எம் மகன் ஒண்ணும் களவாணி இல்ல. நீங்க கொடுத்தீக, அவன் எடுத்துக்கிட்டுப் போனான்."

"அந்தப் படத்த எடுத்தது நாந்தான்க்கா!"

"நீங்களும் எடுத்தீக. அவனும் எடுத்தான். அதத்தான நானும் சொல்றேன்."

சண்டையில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நம் பேச்சில் கேமராவை வைத்து எடுப்பதற்கும் அடுத்தவர் பொருளை எடுப்பதற்கும் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் அவர் எடுத்தபோது அந்தப் பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் தெரிந்து எடுத்தார். நீ எடுத்தது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தவரை வித்தியாசம் அதுதான்.

அவர் விடவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் வக்கீலிடமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உனக்கு நோட்டீஸ் அனுப்பினவர் அவர்தான். வயசானவர், நிதானமாகப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேலுச்சாமியைப் பார்த்து, "இது நீரா ஆசைப்பட்டுப் பிடிச்ச படமா, இல்ல யாரும் வந்து எடுக்கச் சொன்னாங்களா?" என்றார்.

"எடுக்கச் சொன்னதுதான் சார். ஒத்தக்கடைப் பேச்சியம்மா. காசு கொடுத்துத்தான் எடுத்தாக."

"இதை ஏன்யா முதல்லயே சொல்லல?" என்று வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சட்டத்தை எனக்கும் புரியும்படிதான் சொன்னார். ஒருவர் சொல்லி, அவர் காசு கொடுத்து எடுத்த படம் என்றால், வேறு பேச்சு ஏதும் பேசிக்கொள்ளாதவரைக்கும், அதை நகல் எடுக்கும் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தானாம். போட்டோவுக்கும் அப்படி, ஆளைப் பார்த்து எழுதும் சித்திரத்துக்கும் அப்படி.

"அப்ப நான் யாரு சார்?" என்றார் வேலுச்சாமி.

"நீர் எடுத்தவர். அவ்வளவுதான்."

அந்த மனுசர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கேஸ் முடிந்தது, உனக்குத் தந்தி அடித்துவிடலாம் என்று எழுந்தேன். வக்கீல் என்னைப் பார்த்து, "உங்க மகனும் சந்தோசப்பட ஒண்ணுமில்லம்மா. இவருக்குப் பதில் சொல்ல வேண்டாம், அந்தம்மாவுக்குச் சொல்லணும்" என்றார். சரி, அந்தம்மாவையே பார்த்துவிடுவோம், பிள்ளை பெரிய மனுசியாக வளர்ந்திருப்பாளே என்றேன். வேலுச்சாமி, "மனுசியா? ஆம்பளப் பையன்க்கா அவன்" என்றார்.

ஆமாம் ஐயா. நீ அவ்வளவு அழகாகப் புருவம் தீட்டி, கழுத்துக்கு அட்டிகை எழுதி, மகாலட்சுமி மாதிரி நிற்கவைத்தாயே, அது ஆண் பிள்ளை. நம் பக்கத்தில் நேர்த்திக்கடனுக்கு முடி வளர்த்த பையனை, மொட்டை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் பாவாடை கட்டி, பூச்சடை தைத்துப் போட்டோ எடுத்து வைப்பார்களே, அது உனக்குத் தெரியாததா? உன்னையே அப்படி அலங்கரித்தேன். நீ பூவைப் பிய்த்துத் தின்றுவிட்டாய், அதனால் படம் எடுக்க முடியவில்லை. பட்டணம் போனதும் அதையெல்லாம் மறந்துவிட்டாய். வேலுச்சாமியிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். சடை வேண்டும் என்று கேட்டாய், சடையை மட்டும் கொடுத்தார்.

ஒத்தக்கடைக்கு, பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடும் பஸ்ஸில் போனோம். இரண்டு இடத்தில் நின்று, கரியைக் கிளறிவிட்டு ஆனைமலைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் வேலுச்சாமி என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். பேச்சியம்மாள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவள். களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை. உள்ளே சுவரில் உன் காலண்டர். தேதித் தாளைக் கிழித்துவிட்டு, கடைப்பெயரையும் வெட்டிவிட்டு, படத்தை மட்டும் சோற்றுப் பசையில் ஒட்டி வைத்திருந்தாள். உன் பெயர் மட்டும் ஓரத்தில் தப்பி நின்றது. அதைப் பார்த்து உன் அம்மாவாக எனக்குப் பெருமைகூட வந்தது, பொய் சொல்வானேன்.

பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். கிராப்பு வெட்டின தலை, முழங்காலில் சிரங்கு. வேலுச்சாமியை முறைத்துப் பார்த்து, "நீங்கதான் இந்தப் படத்த வரஞ்சவுகளா? எங்க பள்ளிக்கூடத்துல என்னைய காலண்டர் பொண்ணு, காலண்டர் பொண்ணுங்கிறாய்ங்க" என்றான்.

"நான் வரையலடா. நான் எடுத்தவன்."

"அப்பச் சடை போட்டு விட்டது நீங்கதானா?"

"அது உங்காத்தா."

"எல்லாரும் சேந்துதான் செஞ்சிருக்கீக" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

பேச்சியம்மாள் எங்களுக்கு நீர்மோர் கொடுத்துவிட்டு விவரம் சொன்னாள். அவள் புருசன் பினாங்குக்குக் கப்பல் ஏறியபோது பையன் வயிற்றில். அழகர் கோயிலில் முடி இறக்கும் முன்னால் பிள்ளையைப் பூச்சடையோடு படம் எடுத்து அனுப்பு என்று அவர்தான் எழுதியிருக்கிறார். கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு படம்தான் போட முடிந்தது. அதைக் கப்பலில் அனுப்பிவிட்டாள். வேலுச்சாமி தனக்கென்று ஒன்று போட்டு வாசலில் வைத்திருந்ததை, மதுரைக்கு வரும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். படம் வந்து சேர்ந்தது, படுக்கிற இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்புறம் அங்கே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதன் பிறகு ஒரு வரிகூட இல்லை. இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. மோர்ச் சொம்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

வக்கீல் சொன்னதை வேலுச்சாமி சொன்னார். "நான் எதுக்குண்ணே கேசு போடப் போறேன்? எங்களுக்கு ஒண்ணுதான் போட முடிஞ்சுச்சு. இப்ப வரஞ்சவரு புண்ணியத்துல வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. பிள்ளை எங்க வேணாலும் நிக்கட்டும்" என்றாள். அத்தோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நீ கேட்டதை அவளிடம் சொல்லாமல் வருவது நியாயமாகப் படவில்லை. "எம் மகன் தன் மகளை வச்சு வரஞ்சதாச் சொல்லிரலாம்னு நெனைக்கிறான் தாயி. எம் பேத்தின்னு நானும் சாட்சி சொல்லணுமாம். சொல்லிட்டா இழுவை இல்லாம முடிஞ்சுரும்" என்றேன்.

அதுவரை என்னை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, இவன் அப்பன் இவன் மூஞ்சியப் பாத்ததே இல்ல. அந்தப் படந்தான் அவுகளுக்குப் பிள்ளை. யுத்தம் முடிஞ்சு நாளைக்கு வந்து எறங்குறாகன்னு வச்சுக்கங்க. ஏதோ ஒரு கடையில இந்தக் காலண்டரு தொங்குது. இது எம் பிள்ளையால்லங்கிறாக. இல்லப்பா, இது வேற ஒருத்தரு பேத்தி, கோர்ட்டுலயே எழுதிக் கொடுத்திருக்குன்னு சொல்லுவீகளா? படத்த எடுத்துக்கங்க. எம் பிள்ளைய எதுக்கு எடுக்குறீக?"

அவள் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். உனக்குப் பதில் வந்தால் எழுது.

உன் கடிதத்தில் இன்னொன்று கேட்டிருந்தாய். அப்பா படத்தையும் போட்டோவைப் பார்த்துத்தானே வரைந்தேன், அப்போது யார் வந்து கேட்டார்கள் என்று. கேட்டவள் நான்தான், உனக்கு ஞாபகம் இல்லையா? உன் அப்பா காலமான பிறகு, மில்லில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிசாக வரைந்து கொண்டுவந்தாய். பார்த்தவர்கள் எல்லாம் ராஜா மாதிரி இருக்கிறார் என்றார்கள். மேல்தாடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அவர் பல்லை நீ நேராக்கியிருந்தாய். "யாருடா இந்த ஆளு?" என்று நான் கேட்டேன். உனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாய். பிறகு எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே பல்லைக் கோணலாக்கினாய். அப்போதுதான் அவர் வந்து உட்கார்ந்தார். போட்டோவைப் பார்த்து வரைவதை நான் அன்றைக்கும் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. உன் கை பெரிய கை. கேமரா காலை விளக்காக்கத் தோன்றியது உன் சாமர்த்தியம்தான். ஆனால் எவ்வளவு மாற்றினாலும் அந்த முகம் ஓர் ஆளுடையது. அந்த ஆளை இல்லை என்று சொல்ல உனக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன், கேட்காமல் வரைந்தது தப்பு என்று வக்கீலுக்கு உன் கைப்பட எழுது. அச்சுக்கூடத்துக்காரர்கள் கோபப்படுவார்கள், அடுத்த வருசக் காலண்டரை வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். மறுபடி அச்சிட்டால் உன் பெயருக்குப் பக்கத்தில் வேலுச்சாமி பெயரும் இருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல். பொய் சொல்லி வாங்கியதற்காவது கேஸ் போடுவேன் என்றிருந்த வேலுச்சாமி, அப்படி எழுதிவிட்டால் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். உன்னோடு பேசுவேன் என்று மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அது நீ நேரில் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது.

பேச்சியம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது நானாகத்தான் சொன்னேன், என் மகன் வந்து பையனை இப்போது இருக்கிறபடி வரைந்து கொடுப்பான் என்று. அவன் அப்பா வந்து சடை வைத்த பிள்ளையைத் தேடக்கூடாது இல்லையா? அவள் தலையை ஆட்டினாள். பையன் வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "சடை கூடாது. மீசை வேணும்" என்றான். மீசை முடியாது, உள்ளதைத்தான் வரைவான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆகையால் சித்திரைக்குள் வா. சாயப் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. போட்டோ வேண்டாம், ஒத்தக்கடையில் உட்கார்ந்து, அவன் அசையாமல் நிற்கும்வரை அவனோடு மல்லுக்கட்டு. வேலுச்சாமி என்ன பாடுபட்டிருப்பார் என்று உனக்கும் தெரியட்டும்.

மீனாவையும் கூட்டி வா. அவளுக்குப் பூச்சடையை நானே தைத்துப் போடுகிறேன். மருமகளை நம்பிப் பிரயோசனம் இல்லை. வேலுச்சாமி கடைக்கு நாமே போய், எடுக்கச் சொல்லி எடுப்போம். அதைப் பார்த்து நீ எத்தனை காலண்டர் வேண்டுமானாலும் வரை. அப்பத்தா நான் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுகிறேன். ராக்கம்மாவிடம் காலண்டர் பிள்ளை என் பேத்தி இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டேன். "அதானே பாத்தேன், உங்க பேத்தி இம்புட்டுச் சேப்பு இல்லையே" என்கிறாள். முன்னால் அச்சு அசல் என்றவள் அவள்தான். பரவாயில்லை, அந்தக் கணக்கை மீனா வந்ததும் தீர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நீ வக்கீல் பேச்சைக் கேட்டுக் கோர்ட்டுக்குத்தான் போவேன் என்றால், வண்டிச்சத்தத்துக்குக் காசு அனுப்பவேண்டாம், நானே வந்துவிடுவேன். கூண்டில் ஏறி, காலண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்தப் பிள்ளை யார் என்று கேட்பார்கள். முத்துக்கருப்பன், பினாங்கிலிருக்கும் சோலையின் மகன், ஒத்தக்கடை என்று சொல்வேன்.

உன் அம்மா